இருட்டில் வாய் திறக்காத பசை

1

நமசிவாயம் அண்ணையின் மனைவி பாக்கியமக்காவின் கடிதம் போன மாதம் ஊரிலிருந்து இங்கே மலாயாவுக்கு வந்தது. தபால்காரன் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்து அதை வாசலில் போட்டுவிட்டுப் போனான். முன்பாதியில் வழமையான சேதிகள். இந்த முறை மாரி மழை பிந்திவிட்டது, கிணற்றில் தண்ணீர் குறைவு, யாவரும் சுகம். "நிற்க" என்று போட்ட பிறகு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

"இவர் மலாயாவிலிருந்து வந்து ஒன்பது வருடமாகிறது. வந்த நாள் முதல் வண்டில் கொட்டிலிலேயே படுக்கிறார். தன் கோப்பையைத் தானே கழுவி, அதற்கென்று கூரை இறப்பில் ஒதுக்கிய இடத்தில் செருகி வைக்கிறார். பெற்ற பிள்ளையை ஒரு நாள் மடியில் வைத்தது கிடையாது. டாக்குத்தர் துரை கொடுத்த கடுதாசி பெட்டிக்குள் இருக்கிறது. ஒன்றும் காணவில்லை என்றுதான் அதில் எழுதியிருக்கிறதாம். ஒன்றுமில்லை என்றால் ஏன் வீட்டுக்குள் வருகிறார் இல்லை? அவருடைய சதையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்த இடத்தில் தம்பி நீரும் நின்றீராம். ஒரு சொல் எழுதும். ஏதும் இருந்ததா?"

அக்காவுக்கு எழுத்து வராது. கையெழுத்து அவருடைய மகளுடையது. பதினொரு வயதுப் பிள்ளை. "பெற்ற பிள்ளையை" என்ற இடத்தில் மை சற்றுத் தடித்திருந்தது. பேனையை எடுக்காமல் அங்கே நின்றிருக்கிறாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும். அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய ஊர் தென்மராட்சியில், சாவகச்சேரிச் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் சொல்லமாட்டேன்.

2

நான் கொழும்புத்துறையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. உடுவில் பக்கத்தில் ஒரு கமக்காரரிடம் புகையிலை வேலைக்குப் போனேன். புகையிலைக்குப் புகை ஊட்டும் குடிலை நீங்கள் அறிவீர்கள். எல்லாப் பக்கமும் மண்ணால் அடைத்து, தென்னம் மட்டையும் பனங்கொட்டைக் கோம்பையும் போட்டு மூட்டம் போடுவார்கள். மூட்டம் அணைந்ததா என்று பார்க்க நடுப்பகலில் உள்ளே தவழ்ந்து போகவேண்டும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே என் கை எனக்குத் தெரியாது. அங்கே வேலை செய்த மூவரும் ஒருவரை ஒருவர் குரலால் மட்டும் அறிவோம். ஒரு நாள் நான் பேசியதற்கு யாரோ பதில் சொன்னார்கள். வெளியே வந்து பார்த்தால் மற்ற இருவரும் மரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு விளக்கம் தேடி நான் அலையவில்லை. மறுநாளும் தவழ்ந்து போனேன்.

பிறகு கொழும்புத் துறைமுகம், இரங்கூனில் ஓர் அரிசி ஆலை, பினாங்கு, மலாயா ரயில் பாதையில் கல் போடுகிற வேலை. பாதையில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழுந்தபின் அங்கேயே போத்தல் கழுவ நின்றுவிட்டேன். போத்தல் கழுவியவன் உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கிற கண்ணாடிச் சில்லுகளைக் கழுவத் தொடங்கி, அப்படியே நோய்க்கிருமி பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாற்றப்பட்டேன். அங்கே இருட்டு அறையில் வேலை செய்ய யாரும் விரும்பவில்லை. நான் விரும்பினேன் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பழக்கம் இருந்தது.

3

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தி ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய டாக்குத்தர் துரை சீமையிலிருந்து ஒரு விளக்கு வருவித்தார். இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் விளக்கு. அதைச் சுற்றி இரும்புக் கூடு. கூட்டின் முன்பக்கத்தில் கருநீலக் கண்ணாடி ஒன்று. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி பிடித்து வைத்துக்கொள்ளும். தெரியாத வெளிச்சத்தை வெளியே விடும். தெரியாத வெளிச்சம் பட்டால் சில பொருட்கள் தாமாகவே ஒளிரத் தொடங்கும். நோய்க்கிருமிக்கு ஒரு மஞ்சள் சாயம் ஏற்றிவிட்டு அந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், கறுப்புக்குள் கிருமி மட்டும் பொன்னிறமாக எரியும். சாதாரண விளக்கில் அரை நாள் தேடி எடுப்பதை இதில் பத்து நிமிடத்தில் எடுக்கலாம் என்று துரை சொன்னார்.

முதல் நாள் திரையை இழுத்து விட்டு விளக்கை மூட்டினார். அறை இருண்டேதான் கிடந்தது. துரை சிரித்தார் போலும். முகம் இல்லை. பற்கள் மட்டும் வெளிறிய பச்சையாகத் தொங்கின. கையைத் தூக்கினார். நகங்கள் பத்தும் தனித்தனியே மிதந்தன. என் பக்கம் திரும்பியபோது கருமணி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் பூத்தமாதிரி ஒரு மங்கல் வெளிச்சம்.

எனக்குத் தெரிந்த இங்கிலீசு அந்த நேரத்தில் ஓடிப்போய்விட்டது. சுகமா என்று கேட்க நினைத்து, "சேர், ஆர் யூ டெட்?" என்று கேட்டேன்.

துரை வெகுநேரம் சிரித்தார். பற்கள் ஆடின. நான் அவற்றைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணும் அவருக்கு அப்படித்தான் தெரியும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

4

சதையோ சளியோ ஒரு சிறு துளியை நீளக் கண்ணாடிச் சில்லில் பூசி, அதன் மேல் நகத்தைவிட மெல்லிய மூடு கண்ணாடி ஒன்றை வைப்போம். இரண்டுக்கும் நடுவே காற்று நின்றால் உருவம் கலங்கும். அதனால் ஏதாவது பசையையோ எண்ணெயையோ ஒரு துளி விட்டு மூடுவது முறை. அதை நாங்கள் மவுண்ட் பண்ணுவது என்போம்.

ஆராய்ச்சிக்கூடத்தின் சட்டப்படி எல்லாவற்றுக்கும் கனடா பால்சம்தான். குளிர் தேசத்து ஊசியிலை மரம் ஒன்றின் பிசின். தேன்போல இருக்கும். காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். உள்ளே வைத்தது நம்முடைய பேரப்பிள்ளைகள் காலம் வரை அப்படியே இருக்கும். அலுமாரியில் இலக்கம் போட்டு அடுக்குவதற்கு அதைப்போல் வேறொன்றில்லை.

அந்தப் பால்சத்தைப் புதிய விளக்கில் வைத்தோம். சில்லு முழுவதும் நீலமாக எழுந்தது. கிருமி எங்கே, சதை எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. பசையே ஒளிவிடுகிறது. துரை மேசையில் குத்தினார். "வேறு பசை தேடு" என்றார்.

இரண்டு மாதம் அதுதான் என் வேலை. சில்லில் ஒன்றும் பூசாமல், பசையை மட்டும் வைத்து மூடி, இருட்டில் பார்ப்பேன். தேவதாரு எண்ணெய், தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய், தேன், முட்டை வெள்ளைக்கரு, வசலின். ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த விளாம்பிசினையும் கரைத்துப் பார்த்தேன். கடைசியில் என் துப்பலையும் வைத்துப் பார்த்தேன். கொப்பி ஒன்றில் மூன்று பிரிவு போட்டேன். பேசும், முணுமுணுக்கும், பேசாது. பால்சம் பேசும். வசலின் கத்தும். விளாம்பிசின் முணுமுணுக்கும். உள்ளே ஒரு பொருளும் இல்லாத சில்லுகள் ஒவ்வொன்றாக இருட்டில் நீலமாக, பச்சையாக, வெள்ளையாக எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல வேலை அல்ல. சாப்பாடு குறைந்தது. வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்தைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினேன்.

பேசாதவை இரண்டே இரண்டு. கிளிசரின், வடித்த தண்ணீர். தண்ணீர் கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஆகையால் கிளிசரின் என்று முடிவாயிற்று.

5

நமசிவாயம் அண்ணை எங்கள் வீட்டில் ஒரு அறை எடுத்து இருந்தார். ரயில்வேயில் சாமான் பதிகிற கிளாக்கர். பதினைந்து வருடம் மலாயாவில் இருந்தவர். இடையில் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தவர். கடைசி முறை போனபோது கலியாணம் செய்து, பிள்ளையின் முகம் பார்க்கமுன் திரும்பிவிட்டார். உத்தியோகத்தை விட்டுப் போய்ச் சேர நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் உயரத்தைப் பாக்கியமக்கா நூலில் அளந்து கடிதத்துக்குள் வைத்து அனுப்புவார். அண்ணை அந்த நூலைக் கதவு நிலையில் பிடித்துப் பார்ப்பார்.

சாப்பிடும்போது என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்னடாப்பா, இண்டைக்கு எந்தப் பேயோடை கதைச்சனி?"

"பேய் கதைக்கேல்லை அண்ணை. பசைதான் கதைக்குது."

"பசை கதைக்குதோ! அன்னம், உன்ரை புருசனுக்கு விளக்குச் சூடு மண்டைக்கு ஏறீட்டுது. தேசிக்காய் தேச்சு முழுக வார்."

என் மனைவி அன்னம் கறிச் சட்டியோடு வந்தாள். "உந்தச் சளிக் கதை, சீழ்க் கதை எல்லாம் சோத்துக்கு முன்னாலை வேண்டாம். மீன் கறி ஆறுது, பிசைஞ்சு சாப்பிடுங்கோ."

யுத்தம் தொடங்கி ஒரு வருடம் கழித்து அண்ணை ஊருக்குக் கப்பல் பதிந்தார். போவதற்கு டாக்குத்தர் அத்தாட்சி வேண்டும். ஒரு விண்ணப்பப் பாரத்துக்கு மூன்று பிரதி. மூன்றிலும் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை போனபோது ரயில்வே டாக்குத்தர் அவருடைய இடது காதுக்குக் கீழே நிறம் குறைந்த ஒரு தேமலைக் கண்டார். உணர்ச்சி இருக்கிறதா என்று குண்டூசியால் குத்தினார். பிறகு காதுமடலைக் கீறி இரண்டு சில்லுகளில் பூசி எங்கள் கூடத்துக்கு அனுப்பினார்.

குஷ்டம் என்று எங்கள் துரை எழுதினால், அண்ணை கப்பலில் ஏற முடியாது. காட்டுப் பக்கத்தில் கம்பிவேலி போட்ட குடியிருப்புக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வருவதை நான் கண்டதில்லை. கப்பல் வியாழக்கிழமை.

6

சில்லுகள் திங்கட்கிழமை வந்தன. ஒன்றுக்கு நான்தான் சாயம் ஏற்றினேன். கிளிசரின் விட்டு நான்தான் மூடினேன். துரை குனிந்து பார்த்தார். சில்லை இரண்டு தரம் நகர்த்தினார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

நான் கண்டது கிருமி அல்ல. பொன்னிறப் பனி. சில்லின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அசையாமல் நிறைந்து கிடந்தது. இடையிடையே பொரி பொரியாகக் கட்டிகள். ஒரு மனிதனுடைய காதுச் சதைக்குள் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்த ஆள் காலையில் எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணீர் குடித்தவர்.

"இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. உருவம் பிரிந்து தெரியவில்லை. ஆனால் இது அதுதான். நாளை எழுதுகிறேன்" என்றார் துரை. வெளியே போனார்.

நான் சில்லை எடுக்கக் கையை நீட்டினேன். விளக்கின் முன்னால் என் கை போயிற்று. நகங்கள் வழமைபோல் வெளிறித் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, நகக் கண்ணிலும் விரல் நுனிகளிலும், அதே பொன்னிறம். வலது கையில் மட்டும். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல்.

அந்த நோய் எனக்கும் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நிலத்தில் இருந்தேன். இருட்டில் என் மூன்று விரல்கள் எனக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை மூடினேன், திறந்தேன். முகர்ந்து பார்த்தேன்.

மீன் கறி.

அன்னம் மத்தியானத்துக்கு என்று கட்டித் தந்த சோற்றை நான் கையால் பிசைந்து சாப்பிட்டிருந்தேன். கறியில் மஞ்சள். அந்த விளக்குக்கு அதுவும் ஒரு மஞ்சள் சாயம்தான். கழுவினாலும் நகக் கண்ணிலிருந்து மஞ்சள் முழுவதும் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விரல்களால் மூடு கண்ணாடியைத் துடைத்தேன். அந்த விரல்களால் கிளிசரின் போத்தலின் கண்ணாடிக் கோலைப் பிடித்தேன். கிளிசரினில் மஞ்சள் கரையும். வெறும் சில்லு ஒன்றில் அந்தப் போத்தலிலிருந்து ஒரு துளி விட்டு மூடிப் பார்த்தேன். மனிதச் சதையே இல்லாத சில்லில் பொன்னிறப் பனி எழுந்தது.

அந்தக் கூடத்தில் எத்தனையோ வெள்ளைக்காரர் வேலை செய்திருக்கிறார்கள். முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிற கைக்கு இந்தப் பிழை வந்திருக்காது.

துரையைக் கூட்டி வந்து வெறும் சில்லையும் என் விரலையும் காட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து முகர்ந்தார். "கறி" என்றார். சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு சில்லு இருக்கிறதல்லவா?" என்று கேட்டார்.

7

கிளிசரின் போத்தல் கெட்டுப்போயிற்று. வேறு போத்தல் இல்லை. யுத்தத்துக்கு வெடிமருந்து செய்யக் கிளிசரின் வேண்டுமாம். கடைக்காரன் கையை விரித்தான். மிஞ்சியவை பால்சமும் தண்ணீரும்.

துரை சட்டப் புத்தகத்தைக் காட்டினார். இப்படிப்பட்ட சில்லு பால்சத்தில் இருக்கவேண்டும், அலுமாரியில் வைக்கவேண்டும், பின்னால் யாரும் கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும். பால்சத்தில் வைத்தால் எந்தக் காலத்திலும் இருக்கும், எந்தக் காலத்திலும் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் வைத்தால் தெரியும். கால் மணித்தியாலம்.

"தண்ணீர், சேர்" என்றேன்.

"அலுமாரியில் எதை வைப்பது?"

"காய்ந்த சில்லை வைக்கலாம், சேர்."

அவர் யோசித்துத் தலையை ஆட்டினார். நான் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்றால், அண்ணையிடம் ஒன்றும் இல்லை என்று நம்பினேன். என் கை செய்த பிழையை என் கையால் துடைத்து, சுத்தமான கறுப்பைத் துரைக்குக் காட்டவேண்டும் என்பதுதான் எண்ணம்.

இரண்டு நாள் கறி தொடாமல் பாணும் சீனியும் சாப்பிட்டேன். அன்னம் கோபித்தாள். கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். நகக் கண்ணில் மஞ்சள் சிவந்து, பிறகு போயிற்று. மூடு கண்ணாடியைச் சாமணம் என்னும் சிறு இடுக்கியால் மட்டும் பிடித்தேன்.

புதன்கிழமை பகல். அண்ணை லீவு போட்டு வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். நான் மிஞ்சிய சில்லுக்குச் சாயம் ஏற்றி, தண்ணீரில் மூடி விளக்கின் கீழ் வைத்தேன். அந்த நேரம் துரைக்குத் தொலைபேசி வந்தது. "இடத்தைப் பிடித்து வை, வருகிறேன்" என்று போனார்.

குனிந்தேன். கறுப்பு. நான் விரும்பிய கறுப்பு. சதை இருந்த இடம் மட்டும் பாசி படிந்ததுபோல் மங்கலாகத் தெரிந்தது. சில்லை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன்.

மூன்று இருந்தன. நேரான சிறு கோடுகள். இரண்டு அருகருகே, ஒன்று சற்றுத் தள்ளி. பொன்னிறம். பனியும் இல்லை, பொரியும் இல்லை. விளிம்பு வெட்டினாற்போல் இருந்தது. இருட்டில் ஏதோ என்னைத் திரும்பிப் பார்த்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளி இருந்தது மங்கியது. கண் களைத்துவிட்டது என்று நினைத்து மூடித் திறந்தேன். இன்னும் மங்கியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. எந்த வெளிச்சத்தால் அவை எரிகின்றனவோ அதே வெளிச்சம் அவற்றைத் தின்கிறது.

விளக்கின் முன்னால் ஒரு தகட்டு மூடி உண்டு. தள்ளினால் வெளிச்சம் நின்றுவிடும். மற்ற இரண்டும் தப்பும். துரை வந்து பார்ப்பார். துணியால் பிடித்தபடி என் கை அந்த மூடியில் இருந்தது. இரும்பின் சூடு துணி வழியாக விரலில் பட்டது. நான் தள்ளவில்லை. கண்ணை எடுக்கவுமில்லை. தள்ளி இருந்தது முதலில் போயிற்று. பிறகு அருகருகே இருந்தவற்றில் ஒன்று. கடைசி ஒன்று வெகுநேரம் நின்றது. அது அணைந்த இடம் எது என்று பிறகு எனக்கே தெரியவில்லை.

துரை வந்தார். தண்ணீர் ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. மிஞ்சிய இடத்தைத் தேடினார். "ஒன்றுமில்லை" என்றார். அவருக்கும் சந்தோஷம். எழுதப் போனார்.

விளக்கை அணைக்கமுன் கறுப்புத் திரை விலகி மறுபடி விழுந்தது. அண்ணை உள்ளே வந்திருந்தார்.

"தம்பி, நிக்கிறியோ?"

"இஞ்சை நிக்கிறன் அண்ணை."

"உன்ரை பல்லு மட்டும்தான் தெரியுது. சிரியாதை, பயமாக் கிடக்கு."

"நான் சிரிக்கேல்லை."

"துரை சிரிச்சுக்கொண்டு போறார். என்னவாம்?"

"ஒண்டும் காணேல்லையாம்."

"நீ பாத்தனியோ?"

"ஓம், பாத்தனான்."

கொம்பு கருகும் மணம் வந்தது. முதலில் விளக்கின் கரிக்குச்சி என்று நினைத்தேன். பிறகு விளக்குக் கூட்டின் மேல் ஐந்து நகங்கள் தெரிந்தன. அண்ணை இருட்டில் பிடிமானத்துக்குக் கையை அதில் ஊன்றி நின்றார். அந்தக் கூட்டில் தண்ணீர்த் துளி பட்டால் பொரியும்.

"அண்ணை, கை!"

அவர் கையை எடுத்தார். அவசரப்படவில்லை. வேறு யாரோ ஒருவருடைய கையை எடுத்து வைப்பதுபோல் எடுத்தார்.

"சூடாயிருக்கோ?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

அவர் அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நீயும் ஒண்டும் காணேல்லைத் தானே?"

"ஒண்டும் காணேல்லை."

"அப்ப சரி" என்றார். திரை மூடியது.

8

கப்பல் போயிற்று. அடுத்த வருடம் ஜப்பான்காரன் வந்தான். துரையைச் சிறை வைத்தார்கள். இருட்டு அறையில் அரிசி மூட்டை அடுக்கினார்கள். விளக்கை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. மூன்றரை வருடம் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். அன்னம் காய்ச்சலில் போனாள். கொயினா வாங்க முடியவில்லை. நானும் மகள் புவனமும் மிஞ்சினோம்.

புவனம் இப்போது நர்சுக்குப் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். பேசும்போது மலாயும் இங்கிலீசும் உள்ளே வரும். ஊர் என்றால் அவளுக்கு நான் சொல்லிக் களைத்த ஓர் இடம். பாக்கியமக்காவின் கடிதத்தை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பிறகு மூன்று கோடுகளையும் சொன்னேன். அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அப்பு, நீங்க பாத்துக்கொண்டே இருந்தீங்களா?"

"ஓம்."

"மூடியைத் தள்ளலையா?"

"இல்லை."

"அந்தக் குடியிருப்பில அப்பவே குஷ்டத்துக்கு எண்ணெய் ஊசி போட்டாங்க. அவருக்கு அதுவும் இல்லாமப் போச்சு."

"கம்பிவேலிக்குள்ளை பிள்ளை. பதினைஞ்சு வருசம் ஊரை நினைச்சுக்கொண்டு இருந்த மனிசன்."

"இப்ப எங்க இருக்கிறார்? வண்டிக் கொட்டில்ல. வேலி நீங்க போடலை, அவரே போட்டுக்கிட்டார். அவ்வளவுதான் லா." சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப மாத்திரை வந்திருக்கு. எங்க வார்டிலயே குடுக்கிறாங்க. உணர்ச்சி போன விரல் திரும்பாது. ஆனா கிருமி சாகுது. நான் கண்ணால பாத்தேன். நீங்க இன்னும் எழுதாம இருந்தா நான் இங்கிலீசில எழுதுவேன். அவங்க யாரிட்டயாவது குடுத்து வாசிப்பாங்க. ஊர் முழுக்கத் தெரியும். எது நல்லது?"

அவள் என் மகள்தானா என்று சில வேளை எனக்குச் சந்தேகம் வரும். அன்றைக்கு வந்தது.

9

எழுதினேன். மூன்று நாள் எடுத்தது. பாக்கியமக்காவுக்கு எழுதினால் அந்தப் பிள்ளை வாசிக்கும் என்பது தெரியும். தெரிந்தே எழுதினேன். ஓம், இருந்தது. மூன்று கோடுகள். சில்லின் ஒரு சிறு இடத்தில்தான் பார்த்தேன், மற்ற இடம் தெரியாது. துரையின் கடுதாசியில் பிழை இல்லை, பிழை என்னுடையது. மருந்து வந்திருக்கிறது, ஊருக்கும் வந்திருக்கும், வராவிட்டால் நான் அனுப்புகிறேன். இந்த நோய் பக்கத்தில் இருந்த உடனே ஒட்டுகிற நோயல்ல என்று என் மகள் சொல்கிறாள், அவள் படித்தவள்.

பதில் இந்தக் கிழமை வந்தது. கையெழுத்து நமசிவாயம் அண்ணையுடையது. எழுத்துகள் சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கியிருந்தன. பேனையைப் பிடிக்கும் விரல் மடங்கிவிட்டது என்று தெரிந்தது.

"தம்பி, உன் கடிதத்தை மகள் வாசித்தாள். நான் கொட்டிலில் இருந்தபடி கேட்டேன். தாய் அழுதாள். மகள் அழவில்லை. வாசித்து முடித்து, கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து கையில் தந்தாள். வழமையாக எதையும் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறவள். திங்கட்கிழமை சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டில் பூட்டச் சொல்லியிருக்கிறேன். மகள் தானும் வருவாளாம்.

எனக்கு அன்றைக்கே தெரியும். நீ கண்டதும் எனக்குத் தெரியும். உன் பல்லு சிரித்த மாதிரி இல்லை. ஆனால் நீ ஒன்றுமில்லை என்று சொன்னபடியால், எத்தனை என்று கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. வாயால் சொல்ல முடியாத அளவு கண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உடம்பு முழுக்க நிறைந்து தளும்புகிறது, அசைந்தால் சிந்தும் என்று நினைத்தேன். பிள்ளை ஓடி வரும்போதெல்லாம் எழுந்து மாட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். ஒன்பது வருடம்.

மூன்றுதானா, தம்பி?"